நாற்பத்தொன்றாம் நம்பர் ரோஜா

ரோஜாச் செடிகள் வந்து இறங்கிய வருடம் ராமாயிக்கு அவற்றைக் கண்டாலே ஆகவில்லை. கொல்லிமலைச் சரிவில் ஓடைத் தண்ணீர் எட்டுகிற வயல் அவர்களுக்கு அது ஒன்றுதான். மரவள்ளியும் ஓரமாகக் கொஞ்சம் கேழ்வரகும் போட்டுவந்த இடம். அங்கே போய் யாராவது ரோஜா வைப்பார்களா என்று புருஷன் செல்லமுத்துவிடம் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. செல்லமுத்து என்ன செய்வார்? மகன் கேட்டான், கொடுத்துவிட்டார்.

மகன் மணிவண்ணன் தோட்டக்கலை டிப்ளமோ படித்துவிட்டு, சமவெளியில் ஒரு நாற்றுக் கம்பெனியில் களப் பணியாளனாகச் சேர்ந்திருந்தான். வெளிநாட்டுக்காரர்கள் உருவாக்கிய ஒரு புது ரோஜா ரகத்தை மூன்று வருடம் வளர்த்துப் பார்க்க, மழையும் மூட்டமும் விடாத இடமாகக் கம்பெனி தேடிக்கொண்டிருந்தது. எங்கள் வயலே இருக்கிறது என்று அவன் கையைத் தூக்கிவிட்டான். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. மேலே இருப்பவர்களுக்குத் தன் பேர் தெரிந்துவிட்டதில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். இங்கிலீஷில் அடித்த எட்டுத் தாள்களில் செல்லமுத்து வரிசையாகக் கையெழுத்துப் போட்டார். அதில் என்ன இருக்கிறது என்று மகன் வாயால் சொன்னதுதான் வீட்டாருக்குத் தெரியும்.

செடிகளோடு வித்யாஸ்ரீ என்ற ஆபீசரம்மா வந்தாள். முப்பது வயது இருக்கும். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சேற்றில் சரசரவென்று இறங்கினாள். ராமாயி வரப்பில் உட்கார்ந்தே இருப்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து அவளும் உட்கார்ந்துகொண்டு விஷயத்தை விளக்கினாள். ஊர் உலகத்தில் ரோஜா வைக்கிறவர்கள் வாரத்துக்கு ஒரு தடவை மருந்து அடிக்கிறார்கள். மருந்தே அடிக்காமல் வீட்டு வாசலில் வைக்கிற மாதிரி ஒரு ரோஜாவைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், அதற்கு இன்னும் பேர் வைக்கவில்லை, நாற்பத்தொன்று என்று நம்பர் மட்டும்தான். ஆடியிலிருந்து மார்கழி வரைக்கும் இலையில் ஈரம் காயாத இந்த மலையில் இது பிழைத்தால் எங்கே வேண்டுமானாலும் பிழைக்கும் என்றாள்.

நாற்பத்தொன்று நூற்றிருபது செடி. அதற்கு இடையிடையே சாதாரணச் சிவப்பு ரோஜா நூற்றிருபது செடி. எதற்கு இது என்று ராமாயி கேட்டாள். நோய் முதலில் சிவப்பில் விழும், அங்கேயிருந்து நாற்பத்தொன்றுக்கு வரவேண்டும், வந்தால்தான் அது தாங்குகிறதா என்று தெரியும் என்றாள் வித்யாஸ்ரீ. இரண்டுக்கும் மருந்து அடிக்கக் கூடாது. சீக்கு வருவதற்கென்றே ஒரு செடியை நட்டு, தண்ணீர் ஊற்றி, களை வெட்டி வளர்க்க ராமாயிக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் சரி என்றாள்.

அவளுக்குச் சொன்ன கட்டளைகள் மூன்று. பூவைப் பறிக்கக் கூடாது. எத்தனை பூ, எத்தனை நாள் நிற்கிறது என்பதெல்லாம் கணக்கு. கவாத்து செய்து வெட்டுகிற குச்சியை அன்றைக்கே எரித்துவிட வேண்டும். செடியோ குச்சியோ வயலைத் தாண்டி வெளியே போகக் கூடாது. வித்யாஸ்ரீ இதை மூன்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள்.

முதல் ஆடியிலேயே சிவப்பு ரோஜாவின் இலைகளில் கரும்புள்ளி விழுந்துவிட்டது. புள்ளியைச் சுற்றி மஞ்சள் பூத்து, தொட்டால் உதிர்ந்தது. மிஞ்சிய தளிரில் சாம்பல் பூசினாற்போல வெள்ளை படிந்தது. கார்த்திகைக்குள் நூற்றிருபதும் வெறும் முள் குச்சிகளாக நின்றன. அவற்றுக்கு நடுவில் நாற்பத்தொன்று, எண்ணெய் தடவிய மாதிரி இலை மினுங்க, ஒரு புள்ளியும் இல்லாமல் நின்றது.

பூ அதைவிட அதிசயமாக இருந்தது. முதல் நாள் மஞ்சள் கிழங்கை உரசியது மாதிரி விரியும். மறுநாள் ஆரஞ்சு. மூன்றாம் நாள் இளஞ்சிவப்பு. உதிர்வதற்கு முன்னால் நல்ல இரத்தச் சிவப்பு. ஒரே செடியில் நாலு நிறமும் ஒரே நேரத்தில் இருக்கும். எப்போதிருந்து அதைப் பிடிக்க ஆரம்பித்தது என்று ராமாயிக்கே தெரியாது. காலையில் எழுந்ததும் அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்னால் வயலை ஒரு தடவை எட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. வித்யாஸ்ரீ மாதம் ஒரு முறை வந்து, குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து இலை இலையாகப் பார்ப்பாள். மதியம் ராமாயி வீட்டிலேயே சாப்பிடுவாள்.

பூவைப் பார்க்க இன்னொருத்தியும் தினம் வந்தாள். பாதைக்கு அந்தப் பக்கம் தமிழ்செல்வன் வீடு. செல்லமுத்துவுக்குப் பங்காளி மகன். அவன் பெண்சாதி அருணா. அவர்களுடைய ஒரே மகள் நிவேதிகா, இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூட வேன் வருகிறவரைக்கும் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று, இன்றைக்கு எத்தனை மஞ்சள், எத்தனை சிவப்பு என்று எண்ணுவாள். எண்ணிக்கை ராமாயியோடு ஒத்துவரவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து எண்ணுவாள்.

ஆண்டு விழா அன்று அவள் புதுப் பாவாடை கட்டி, தலை பின்னி, வேலி ஓரத்தில் வந்து நின்றாள். ஒரே ஒரு பூ வேண்டும் என்றாள்.

“ஆபீசரம்மா எண்ணி வெச்சிருக்குதே சாமி. ஒண்ணு கொறஞ்சாலும் உங்க மணி சித்தப்பனுக்குத்தான் திட்டு வுழும்” என்றாள் ராமாயி.

“சரிங்க ஆத்தா” என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை வேன் ஏறப் போய்விட்டது. அடம் பிடிக்கவில்லை, முகத்தைத் தூக்கவில்லை. அழுதிருந்தாலாவது ராமாயி பறித்துக் கொடுத்திருப்பாள்.

அந்த வருடம் ஆடியில் நிவேதிகாவுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் மாத்திரையில் விட்டுவிட்டு அடித்தது. மூன்றாம் நாள் காலையில் கண் சொருகிவிட்டது. ஆம்புலன்சுக்குச் சொல்லி, அது மழையில் மலை ஏறி வந்து, மறுபடி வளைவு வளைவாக இறங்கியது. அடிவாரத்தை அடையும்போது அருணாவின் மடியில் இருந்த பிள்ளைக்கு மூச்சு இல்லை. அடிவாரத்து ஊரான காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து அதே வண்டியில் திரும்பி மேலே கொண்டுவந்தார்கள்.

தங்கள் நிலத்தின் ஓரத்தில், ரோட்டை ஒட்டிய பலா மரத்தடியில் புதைத்தார்கள். தலைமாட்டில் ஒரு கல். முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும் அருணா செம்மேட்டுச் சந்தையிலிருந்து ஒரு ரோஜாச் செடி வாங்கிவந்து கால்மாட்டில் வைத்தாள். ஒரு மாதத்தில் இலை கொட்டிப் போயிற்று. இன்னொன்று வாங்கி வைத்தாள். அதுவும் போயிற்று. மூன்றாவதை வைக்கும்போது ராமாயி பாதையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் செடிக்கு என்ன ஆகும், எத்தனை நாளில் ஆகும் என்பது அவளுக்கு இலைக்கு இலை தெரியும். தன் வயலில் சிவப்பு ரோஜாவில் அந்தச் சீக்கைத்தானே வளர்த்துக்கொண்டிருந்தாள்.

கார்த்திகையில் கவாத்து நடந்தது. வெட்டிய குச்சிகளைக் குவித்து எரிக்கும்போது, பென்சில் பருமனில் ஒரு குச்சியை ராமாயி முந்தானையில் சொருகிக்கொண்டாள். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், பழைய பிளாஸ்டிக் டப்பாவில் மண்ணும் சாணித்தூளும் கலந்து நட்டு, மேலே சாக்கைப் போட்டு மூடினாள். அது வேர்விடாவிட்டால் நல்லது என்றுகூட ஒரு பக்கம் நினைத்தாள். தையில் இரண்டு தளிர் வந்துவிட்டது.

வைகாசியில் அதைக் கொண்டுபோய் அருணாவிடம் கொடுத்தாள். யாரிடமும் சொல்லாதே என்றாள். அருணா இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்தச் செடி என்று தெரிந்துகொண்டு, டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

அடுத்த மழை முழுக்க அது ஒரு இலைகூட உதிர்க்காமல் நின்றது. ஐப்பசியில் முதல் பூ. அன்றைக்கு அருணா ராமாயி வீட்டு வாசலுக்கு வந்து, “மஞ்சளா வந்திருக்குதுங்க அத்தை” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளை போன பிறகு அவள் தானாக இன்னொரு வீட்டு வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

மணிவண்ணனும் பார்த்துவிட்டான். பைக்கில் வருகிறவன் பலா மரத்தடியில் வேகத்தைக் குறைத்ததை ராமாயி வயலிலிருந்து கவனித்தாள். வீட்டுக்கு வந்தான், சாப்பிட்டான், மழை எப்படி என்று அப்பனிடம் பேசினான். அம்மாவிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மாசியில் சோதனை முடிந்துவிட்டது என்று கடிதம் வந்தது. மூன்று வருடம் ஆக இன்னும் நாலு மாதம் இருந்தது. வித்யாஸ்ரீ நேரில் வந்து சொன்னாள். ரோஜாவில் குறை எதுவும் இல்லை. இத்தனை வருடத்தில் தான் பார்த்ததிலேயே சுத்தமான இலை இதுதான் என்றாள். ஆனால் அந்த ரகத்தை வைத்திருந்த வெளிநாட்டுக்காரர்கள் அதை மொத்தமாக வேறொரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். வாங்கியவர்கள் இந்தப் பக்கம் அதைக் கொண்டுவரப் போவதில்லை. எங்கெங்கே சோதனைக்குக் கொடுத்தார்களோ அங்கெல்லாம் வேரோடு பிடுங்கி எரித்து, எரித்ததற்கு அத்தாட்சி அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு.

“நல்லாத்தானே இருக்குதுங்க?” என்றாள் ராமாயி.

“நல்லாத்தாங்க இருக்கு” என்றாள் வித்யாஸ்ரீ. அன்றைக்கு அவள் சாப்பிடாமலே கிளம்பினாள்.

நாற்பத்தொன்று நூற்றிருபதையும், சிவப்பில் மிஞ்சிய குச்சிகளையும் இரண்டு நாளில் பிடுங்கினார்கள். மணிவண்ணன் ஒவ்வொரு குழியையும் போட்டோ எடுத்தான். பூவோடு இருந்த செடிகள் எரியும்போது நாலு நிறமும் ஒரே நிறமாகக் கறுத்தன. ஒரு செடியோ குச்சியோ வேரோ மிச்சமில்லை என்ற தாளில் அவன்தான் கையெழுத்துப் போட்டான். போடும்போது ஒரு நொடி பேனாவை நிறுத்தினான். அம்மா பக்கம் திரும்பவில்லை.

வயலில் ராமாயி மறுபடி மரவள்ளி நட்டாள். நூற்றிருபதும் போனாலும் ஒன்று இருக்கிறது என்று மனசுக்குள் ஒரு தெம்பு இருந்தது. ரோட்டோரம்தான் என்றாலும், ஊர்க்காரர்கள் அதை அருணா பிள்ளைக்கு வைத்த செடி என்று நினைத்தார்கள். அதில் கை வைக்க யாருக்கும் தோன்றாது.

வைகாசியில் பலா பழுத்தது. அந்த மாதம் சுற்றுலா வண்டிகள் பலா மரம் கண்ட இடத்திலெல்லாம் நிற்கும். அப்படி நின்ற ஒரு காரிலிருந்து இறங்கிய பெண் அந்தச் செடியைப் பார்த்தாள். அது ஒரு பிள்ளையைப் புதைத்த இடம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கல்லைப் பலாவின் வேர்ப்புடைப்பு பாதி மறைத்திருந்தது. பூவுக்கு அடியில் கையை ஏந்திக்கொண்டு சிரித்தபடி ஒரு படம் எடுத்து, ‘கொல்லிமலையில் ஓர் அதிசயம்: ஒரே செடியில் நாலு நிற ரோஜா’ என்று செல்போனில் ஏற்றிவிட்டாள். ஆயிரக்கணக்கில் ஆட்கள் பார்த்தார்கள். எட்டாம் நாள் அது வித்யாஸ்ரீயின் கண்ணில் பட்டது. அவளுக்கு மேலே இருப்பவர்களின் கண்ணில் அதற்கு முன்பே பட்டிருந்தது.

மணிவண்ணன் படத்தை அம்மாவிடம் காட்டினான். ராமாயி செல்போனைக் கையில் வாங்கி, பலாவின் அடிமரத்தையும் செடியையும் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் சிரிப்பையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படக்கூட அதில் எதுவும் இல்லை.

அவன் போனை ஸ்பீக்கரில் போட்டு வித்யாஸ்ரீயோடு பேசினான். இது நம் செடி இல்லை, சந்தையில் வாங்கியது என்று முதலில் சொல்லிப் பார்த்தான். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, அப்படியானால் பத்து இலை பறித்து அனுப்பச் சொல்கிறார்கள், ஆய்வகத்தில் பார்த்தால் இரண்டு நாளில் தெரிந்துவிடும், அதற்கப்புறம் விஷயம் என் மட்டத்தில் இருக்காது என்றாள். பொய் அத்தாட்சி கொடுத்ததாக அவன் மேல்தான் நடவடிக்கை வரும். வேலை போவதோடு நிற்காது, கேஸ் போடுவார்கள். இப்போதே பிடுங்கி, வேர் முழுசாகத் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து அனுப்பினால், தவறுதலாக விட்டுப்போன செடி என்று எழுதி முடித்துவிடலாம்.

“அது பொதைச்ச எடங்க மேடம். அந்தப் புள்ளையோடது. நீங்க பாத்திருக்கறீங்க, வேலியப் புடிச்சு நிக்குமே” என்றான் மணிவண்ணன்.

தினம் பூ எண்ணுமே அந்தப் பிள்ளையா என்று அவள் கேட்டாள், ஆமாம் என்றான்.

“என்னால ஒண்ணும் பண்ண முடியலை மணி” என்றாள் வித்யாஸ்ரீ. “நானும் கேட்டுப் பாத்துட்டேன். ஒரு செடிதானேன்னு கேட்டேன். பெருக்கறதுக்கு ஒரு குச்சி போதும்னு அவங்களுக்குத் தெரியும்.”

போனை வைத்த பிறகு மணிவண்ணன் அம்மாவைத் திட்டுவான் என்று செல்லமுத்து எதிர்பார்த்தார். அவன் திட்டவில்லை. எனக்கு அன்றைக்கே தெரியும், தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன் என்றான். அவனுக்கு ஆவணியில் கல்யாணம் பேசியிருந்தது. ராமாயி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு சேலையை உதறிக் கட்டிக்கொண்டு பாதையைத் தாண்டிப் போனாள். அவனும் பின்னால் வந்தான்.

அருணா முற்றத்தில் மிளகு உலர்த்திக்கொண்டிருந்தாள். தமிழ்செல்வன் வேலைக்குப் போயிருந்தான். இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வருவதைக் கண்டதும் அவள் எழுந்து நின்றுவிட்டாள். ராமாயி சுற்றி வளைக்க நினைத்து ஆரம்பித்தாள். மழையைச் சொன்னாள், பலாவைச் சொன்னாள். மூன்றாவது வாக்கியத்தில் அழுதுவிட்டாள். மணிவண்ணன்தான் மிச்சத்தைச் சொன்னான். படத்தைக் காட்டவில்லை.

அருணா முழுவதும் கேட்டாள். கையில் ஒட்டியிருந்த மிளகை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள்.

“மொட்டு ஒண்ணு இருக்குதுங்க தம்பி” என்றாள். “அது விரியற வரைக்கும் வுடுவாங்களா?”

மணிவண்ணன் அங்கேயே நின்று வித்யாஸ்ரீக்கு மறுபடி போன் போட்டான். அன்று வியாழக்கிழமை. திங்கட்கிழமை காலைவரைக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன், யார் கேட்டாலும் மலையில் சிக்னல் இல்லை என்று சொல்லிவிடுகிறேன் என்றாள் வித்யாஸ்ரீ. அவளால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான்.

அன்று மாலையே கோடை மழை பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமையும் விடவில்லை. மொட்டு பச்சைத் தோலை விலக்கி, நுனியில் மட்டும் கொஞ்சம் மஞ்சளைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றது. வெயில் ஒரு மணி நேரம் அடித்தால் விரிந்துவிடும் என்று ராமாயிக்குத் தெரியும். சனிக்கிழமை மூட்டம் இறங்கி, பலா மரமே கண்ணுக்குத் தெரியவில்லை. அருணா குடையை விரித்துச் செடிக்கு மேலே கட்டிவைத்தாள். ஈரம் மேலேயிருந்து மட்டுமா வருகிறது? ஞாயிற்றுக்கிழமை வெளி இதழ்கள் ஊறிப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

ஞாயிறு சாயங்காலம் ராமாயி கவாத்துக் கத்தரியை மடியில் வைத்துக்கொண்டு அங்கே போனாள். நாலே அங்குலக் குச்சி போதும். கொட்டகைக்குப் பின்னால் இன்னொரு டப்பா. ஒருமுறை செய்ததை இன்னொருமுறை செய்ய முடியாதா? அருணா குடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கத்தரியைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

“எங்கீங்க அத்தை வெப்பீங்க?”

“எங்காச்சும் மறைவா வெக்கறேன் கண்ணு. உங்க ஊட்டுக்குப் பின்னால வெச்சாலும் செரி.”

“மறைவா வெச்சு, புள்ளை பாக்காம நான் பாக்கறதுக்கா?” என்றாள் அருணா. “எனக்கு எதுக்குங்க அது. வேண்டாங்க. தம்பிக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்க என்ன பண்ணுவீங்க.”

ராமாயி கத்தரியை எடுக்கவில்லை. இரண்டு பேரும் இருட்டுகிறவரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை மழை விட்டிருந்தது, வெயில் வரவில்லை. மொட்டு விரியாமலே பழுப்பேறத் தொடங்கியிருந்தது. மணிவண்ணன் செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். செல்லமுத்து கடப்பாறையும் மண்வெட்டியும் கொண்டுவந்திருந்தார். ராமாயி மண்வெட்டியை வாங்கி, செடியின் அடியில் வைத்தாள். ஓங்க வரவில்லை. மண்ணுக்குள்ளே பிள்ளை எவ்வளவு ஆழத்தில் என்ற நினைப்பு வந்ததும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டாள். வேர் முழுசாக வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இல்லாவிட்டால் மறுபடி துளிர்க்கும்.

அதுவரை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த தமிழ்செல்வன் வந்து மண்வெட்டியை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கித் தள்ளி வைத்தான்.

“இரும்பு வேண்டாங்க பெரீம்மா” என்றான்.

மண்டி போட்டு உட்கார்ந்து கையால் மண்ணை விலக்க ஆரம்பித்தான். நாலு நாள் மழையில் மண் இளகியிருந்தது. ஒவ்வொரு கை மண்ணையும் எறியாமல் பக்கத்திலேயே குவித்தான். பக்கவேர் வந்த இடத்தில் விரலால் தடவித் தடவி, அது போகிற போக்கில் போனான். முள் கிழித்து மணிக்கட்டில் இரத்தம் வந்தது. முழங்கை ஆழத்துக்குக் கை போனபோது நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் அப்படியே இருந்தான். மணிவண்ணன் போனைக் கீழே இறக்கினான். “எடு. மறுக்கா ஒருக்கா என்னால முடியாது” என்றான் தமிழ்செல்வன், திரும்பாமலே. மணிவண்ணன் போனைத் தூக்கினான்.

வேர் முழுசாக வந்தது. குவித்த மண்ணையெல்லாம் தமிழ்செல்வன் மறுபடி கையாலேயே தள்ளி, உள்ளங்கையால் தட்டிச் சமமாக்கினான். அருணா வீட்டு வாசற்படியில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து இறங்கி வரவில்லை.

எரிப்பதுதான் இழுத்துவிட்டது. பச்சைச் செடி, ஊறிப்போன இலை. தென்னை ஓலையில் வைத்துக் கொளுத்தினால் ஓலை எரிந்து முடிந்தது, செடி கருகாமல் கிடந்தது. செல்லமுத்து வீட்டுக்குப் போய்க் காய்ந்த விறகும் சாக்கும் கொண்டுவந்தார். புகை எழும்பி மூட்டத்தோடு கலந்து ரோட்டையே மறைத்தது. அந்த நேரத்தில் ஒரு சுற்றுலா கார் வந்து நின்று, பலாப்பழம் கிடைக்குமா என்று கேட்டது. செல்லமுத்து இல்லை என்று கையை ஆட்டினார். மரத்தில் பழம் தொங்குவதைப் பார்த்துக்கொண்டே அவர்கள் போனார்கள். செடி சாம்பலாக மதியம் ஆகிவிட்டது.

வீடியோ போய்ச் சேர்ந்ததும் ஆபீசிலிருந்து பதிலாகக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. வித்யாஸ்ரீ சாயங்காலம் போன் செய்தாள். மணிவண்ணன் எடுக்கவில்லை, எடுத்து என்ன பேசுவது? அவன் வேலை தப்பியது. இரண்டு வாரம் கழித்து வேறு மாவட்டத்துக்கு, வேறு பயிருக்கு மாற்றினார்கள். போவதற்கு முதல்நாள் தமிழ்செல்வனைப் பார்க்கப் போனான். தமிழ்செல்வன் அவனை உட்காரவைத்து டீ கொடுத்து, கல்யாணம் எந்த மண்டபம் என்று விசாரித்தான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பேன் என்று மணிவண்ணன் அம்மாவிடம் சொன்னான்.

அருணா ராமாயியிடம் பேசாமல் இருக்கவில்லை. பாதையில் பார்த்தால் நின்று பேசினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். வாசலுக்கு மட்டும் வருவதில்லை. ஆடி பிறந்ததும் ராமாயி ஒருநாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, அரளியாவது வைக்கலாமே, அதற்கு எந்தச் சீக்கும் வராது என்று சொல்லிப் பார்த்தாள். வேண்டாங்க அத்தை என்றாள் அருணா. குரலில் கடுமை இல்லை. களைத்துப் போனவள் சொல்வது மாதிரி இருந்தது.

மணிவண்ணன் கல்யாணத்துக்கு அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். பந்தியில் தமிழ்செல்வன் பரிமாறினான். அது முடிந்த மறுவாரம், அடிவாரத்தில் ஒரு கோழிப் பண்ணையில் புருஷன் பெண்சாதிக்குத் தங்கிச் செய்கிற வேலை கிடைத்திருக்கிறது, போகிறார்கள் என்று செல்லமுத்து வந்து சொன்னார். ராமாயி சோற்றுக் கையோடு எழுந்து பாதைக்கு வந்தாள். பஸ் நிற்கிற இடத்தில் அவர்கள் இரண்டு பையும் ஒரு அரிசி மூட்டையும் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். வீடு பூட்டியிருந்தது.

போகாதே என்று சொல்ல அவளுக்கு என்ன பாத்தியம்? எப்போ வருவீங்க என்று கேட்டாள். கோயில் நோம்பிக்கு வாரோம் என்றான் தமிழ்செல்வன். பஸ் வளைவில் ஹார்ன் அடிக்கிற சத்தம் கேட்டது. அருணா பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள். பிறகு ராமாயியின் எச்சில் கையைப் பிடித்துக்கொண்டு, சும்மா நினைவு வந்ததைச் சொல்கிறவள் மாதிரி சொன்னாள்.

“அங்க ஆடு ஏறாம பாத்துக்கோங்க அத்தை.”

“பாத்துக்கறேன் கண்ணு” என்றாள் ராமாயி.

பஸ் போய்விட்டது. அவள் கையைக் கழுவிவிட்டு, ஆடு விரட்ட ஒரு கோலை எடுத்துக்கொண்டு நேராகப் பலா மரத்தடிக்குப் போனாள். அங்கே ஆடு கடிக்கிறதற்கு ஒரு புல்கூட முளைத்திருக்கவில்லை. ஆனாலும் வெயில் ஏறுகிறவரைக்கும் நின்றுவிட்டுத்தான் வந்தாள். மறுநாளும் போனாள்.